திரை இல்லாத கேமரா

கேமரா உலகில் வதந்திக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. புதிய மாடல் கடைக்கு வர ஆறு மாதம் இருக்கும்போதே அதன் மெகாபிக்சல், விலை, எடை, பேட்டரி எல்லாம் ஊர்வாயில் புரளத் தொடங்கிவிடும். பாதி பலிக்கும், மீதி மறந்துபோகும். ஆனால் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கிளம்பி, ஒவ்வொரு முறையும் பொய்த்து, இனி நடக்காது என்று ஒளிப்படக்காரர்கள் பலரும் கைவிட்ட பிறகு மெய்யான வதந்தி ஒன்று உண்டு. படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிக்கும் குளோபல் ஷட்டர் வருகிறது என்பதே அது. 2023 நவம்பர் 7 அன்று சோனி நிறுவனம் ஆல்ஃபா 9 மார்க் 3 என்ற கேமராவை அறிவித்தது. 36×24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் குளோபல் ஷட்டரோடு வந்த உலகின் முதல் ஒளிப்படக் கேமரா அது.

செய்திகளில் அன்று வந்தவை எண்கள். 2.46 கோடி பிக்சல். நொடிக்கு 120 படம். அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/80000 நொடி. விலை ஏறத்தாழ 6000 அமெரிக்க டாலர். இவ்வளவு பணம் கொடுத்து யார் வாங்குவார்கள் என்ற விவாதத்தோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த எண்களைவிட அவற்றுக்கு அடியில் இருந்த சங்கதிதான் பெரிதாகப் பட்டது. ஒளிப்படத்தின் நூறாண்டுக் கால ஊனம் ஒன்று அன்று நீங்கியது.

என்ன ஊனம்? ஒரு படம் ஒரு கணத்தைக் காட்டுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நம் கையில் இருக்கும் கேமராக்கள் அப்படி எடுப்பதில்லை. படத்தின் மேல் ஓரம் ஒரு நேரத்தில் பதிகிறது, கீழ் ஓரம் இன்னொரு நேரத்தில் பதிகிறது. நடுவில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி நேரம்.

நம்பாதவர்கள் அடுத்த ரயில் பயணத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைபேசியைக் கிடையாகப் பிடித்து, தண்டவாளத்துக்குப் பக்கத்திலுள்ள மின்கம்பங்களைப் படமெடுங்கள். நேராக நிற்கும் கம்பம் படத்தில் சாய்ந்து நிற்கும். எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய் எடுத்தால் மறுபக்கம் சாயும். கைபேசியை நெடுக்காகத் திருப்பினால் சாய்வு போய்விடும். அதற்குப் பதில் கம்பத்தின் தடிமன் மாறும். கணக்கு எளிது. ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. கைபேசியின் சென்சார் மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க 20 மில்லிசெகண்டு ஆகிறது என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் ரயில் அரை மீட்டர் போய்விடும். கம்பத்தின் உச்சியைப் பார்த்த கேமரா அடியைப் பார்க்கும்போது அரை மீட்டர் தள்ளி நிற்கிறது. பிறகு கம்பம் எப்படி நேராக இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போகிறார். முதல் பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொன்ன பையன், அவர் குனிந்திருக்கும்போது கடைசி பெஞ்சுக்கு ஓடிப்போய் வேறொருவனுக்காக இன்னொரு முறை 'உள்ளேன் ஐயா' சொல்லலாம். பதிவேட்டில் இரண்டு பேர் இருப்பார்கள், வகுப்பில் இருந்ததோ ஒருவன்தான். விமானத்தின் சுழலும் புரொப்பல்லரைக் கைபேசியில் எடுத்தால் மூன்று இறக்கைகள் ஏழெட்டாகத் தெரிவதும், சில இறக்கைகள் தண்டை விட்டுப் பிரிந்து காற்றில் மிதப்பதும் இதனால்தான். முன் வரிசையில் ஒரு முறை பதிந்த இறக்கை, சுற்றி வந்து பின் வரிசையில் மறுபடியும் பதிந்துவிடுகிறது. வீட்டுக் கூரை மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், 20 மில்லிசெகண்டில் 36 பாகை திரும்பிவிடும். அதன் இறக்கை படத்தில் வாள்போல வளைந்திருப்பதை யாரும் பார்க்கலாம்.

இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். சென்சாரில் ஏறக்குறைய 4000 வரிசைகள் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக அவை துடைக்கப்பட்டு, ஒளி வாங்கி, அதே வரிசைமுறையில் படிக்கப்படுவது. 20 மில்லிசெகண்டை 4000 வரிசைக்குப் பங்கிட்டால் ஒரு வரிசைக்கு 5 மைக்ரோசெகண்டு. மின்னணுவியலுக்கு இது மெத்தனம் அன்று. ஆனால் உலகம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இது சென்சார் வந்த பிறகு முளைத்த கோளாறு என்று சொன்னால், ஃபிலிம் காலத்துப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சரி. முதல் உலகப் போருக்கு முன்பு பிரெஞ்சு கார்ப் பந்தயம் ஒன்றில் ஜாக் ஆன்ரி லார்திக் என்ற இளைஞர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பந்தயக் கார் வலப்புறம் பாய்ந்து வெளியேறுகிறது. அதன் சக்கரம் வட்டமாக இல்லாமல், முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாக இருக்கிறது. சாலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பவர்களோ எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். லார்திக் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பினார். ஆனால் கார் அளவுக்கு வேகமாகத் திருப்பவில்லை. கேமராவுக்குள் கண்ணாடித் தட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய இடுக்கு செங்குத்தாக நகர்ந்து, படத்தைப் பட்டை பட்டையாகத் தீட்டியது. இடுக்கு நகர்ந்த நேரத்துக்குள் கார் ஒரு பக்கம் விலகியது, கேமராவின் பார்வையில் மனிதர்கள் மறுபக்கம் விலகினார்கள். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் லார்திக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு உலகம் அவரைக் கொண்டாடியது. இன்றைக்கும் கேலிச்சித்திரங்களில் வேகமாக ஓடும் காரின் சக்கரத்தை முன்னால் சாய்த்துத்தான் வரைகிறார்கள். வேகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் கண்ணுக்குப் பழக்கியதே பழைய ஷட்டர்களின் குறைதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த இடுக்கு எங்கும் போய்விடவில்லை. 1925இல் சந்தைக்கு வந்த லைக்காவுக்குள் இரண்டு துணித் திரைகள் இருந்தன. முதல் திரை விலகி ஃபிலிமைத் திறக்கும், இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடும். அதிகபட்ச வேகம் 1/500 நொடி. 1982இல் நிக்கான் எஃப்எம்2 மெல்லிய டைட்டானியம் தகடுகளை வைத்து 1/4000 வரை போனது. 1988இல் நிக்கான் எஃப்-801 அதை 1/8000 ஆக்கியது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இந்த எண்கள் சொல்வது ஒன்று, நடப்பது இன்னொன்று. 1/8000 என்று வைத்தாலும் திரைகள் சட்டத்தைக் கடக்க ஏறத்தாழ 3, 4 மில்லிசெகண்டு பிடிக்கும். இரண்டாம் திரை முதல் திரையின் குதிகாலை மிதித்துக்கொண்டே வருவதால், நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி 1/8000 நொடிக்குத்தான். முழுப் படமும் பதிந்து முடிக்க அதைப்போல் முப்பது மடங்கு நேரம்.

ஃபிளாஷ் வைத்துப் படமெடுப்பவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. ஃபிளாஷ் ஒரு கணம் மின்னி அணைந்துவிடும். அது மின்னும்போது முழுச் சட்டமும் திறந்திருந்தால்தான் முழுப் படத்திலும் ஒளி விழும். திரை அப்படி முழுதாகத் திறந்திருக்கும் அதிகபட்ச வேகம் பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250. அதற்கு மேல் போனால் படத்தின் ஒரு பகுதி இருட்டாக, கறுப்புப் பட்டையாக வரும். திருமணப் படமெடுப்பவர் உச்சிவெயிலில் மணமக்களை நிறுத்தி, பின்னணியைக் கலைத்து, எஃப்/2.8 துளையில் எடுக்க விரும்பினால் ஐஎஸ்ஓ 100இல் 1/3200 அளவு வேகம் வேண்டும். முகத்தில் விழும் நிழலைப் போக்க ஃபிளாஷும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஹை ஸ்பீட் சிங்க் என்று ஒரு வழி உண்டு. இடுக்கு நகரும் நேரம் முழுவதும் ஃபிளாஷ் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்கும். ஒளி எட்டும், ஆனால் அதன் பலம் பெருமளவு குறைந்துவிடும். இல்லையென்றால் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை மாட்ட வேண்டும். எத்தனை பேர் இந்தச் சங்கடத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்ஜர்டன் இந்தச் சிக்கலை ஷட்டரை நம்பாமலேயே தீர்த்தார். இருட்டறையில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மைக்ரோசெகண்டு அளவுக்கு மட்டும் மின்னும் ஃபிளாஷால் உலகை உறைய வைத்தார். ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் துப்பாக்கிக் குண்டை 1964இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. அங்கே நேரத்தை வெட்டியது திரை இல்லை, ஒளி. அதற்கு விலை இருட்டறை. பட்டப்பகலில், மைதானத்தில், மேடையில் அவருடைய முறை செல்லாது.

இனிச் சொல்வதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. குளோபல் ஷட்டர் முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. டிஜிட்டல் கேமராக்களின் தொடக்க காலத்தில் அது நம்மிடம் இருந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற கருவியை உருவாக்கினார்கள்; அதற்காக 2009இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஒளி பட்டால் சிலிக்கனில் எலக்ட்ரான்கள் தோன்றும். கேமராக்களில் பயன்பட்ட ஒருவகை சிசிடியில், ஒளி வாங்கும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பக்கத்தில் உலோகத்தால் மூடிய ஓர் இருட்டு நெடுவரிசை உண்டு. ஒரே கட்டளையில் எல்லாப் பிக்சல்களின் எலக்ட்ரான்களும் பக்கத்து இருட்டுக்குத் தாவிவிடும். அதன் பிறகு மெதுவாக எண்ணிக்கொள்ளலாம். 2004இல் வந்த நிக்கான் டி70, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய கேமரா. அதில் ஃபிளாஷ் 1/500 வரை ஒத்துழைத்தது. காரணம், சிசிடி தானே ஷட்டராகவும் வேலை செய்ததுதான்.

பிறகு ஏன் அதைக் கைவிட்டோம்? 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் தலைமையில் சிமாஸ் சென்சார் வளர்ந்தது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிறு பெருக்கி, கணினிச் சில்லுகள் செய்யும் அதே ஆலைகளில் செய்யலாம், மின்சாரம் குறைவாகக் குடிக்கும், வேகமாகப் படிக்கலாம். கைபேசிக்குள் கேமரா புகுந்ததே இதனால்தான். கேனான் 2000ஆம் ஆண்டு டி30 கேமராவில் சிமாஸைக் கொண்டுவந்தது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் சிசிடி கடைகளிலிருந்து மறைந்தது. ஒன்று மட்டும் வழியில் தொலைந்துபோனது. சிமாஸ் வரிசை வரிசையாகத்தான் படிக்கும். படமெடுக்கும்போது இயந்திரத் திரை அந்தக் குறையை மறைத்தது. காணொளியில் மறைக்க முடியவில்லை. 2008இல் நிக்கான் டி90, எஸ்எல்ஆர் கேமராவில் முதல் முதலாகக் காணொளியைக் கொண்டுவந்தபோது, கேமராவைச் சற்று வேகமாகத் திருப்பினாலே கட்டடங்கள் ஜெல்லிபோல ஆடின. கட்டடங்களா ஆடின? நேரம் ஆடியது.

அன்று தொடங்கின வதந்திகள். அவை எங்கிருந்து பிறக்கின்றன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை வெறும் கற்பனை இல்லை. காப்புரிமை விண்ணப்பம் போட்டால் 18 மாதத்தில் அது பொதுவில் வெளியாகும். யார் என்ன ஆராய்கிறார்கள் என்று எவரும் படித்துக்கொள்ளலாம். கேமராவுக்குள் வைஃபையும் புளூடூத்தும் இருப்பதால், விற்பனைக்கு முன்பே ஒவ்வொரு நாட்டிலும் வானலை அதிகாரிகளின் சான்று வாங்கியாக வேண்டும். அமெரிக்காவில் எஃப்சிசி, இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. அந்தப் பட்டியல்களில் பெயரில்லாத குறியீட்டு எண் ஒன்று புதிதாகத் தோன்றினால் உலகம் காதைத் தீட்டிக்கொள்ளும். சான்றுப் பட்டியலில் ஓர் எண் தென்பட்டால் பொருள் தயாராகிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். காப்புரிமையை அப்படி நம்பக்கூடாது. ஒரு நிறுவனம் பதிவு செய்யும் நூறு யோசனைகளில் கடைக்கு வருபவை சொற்பம். குளோபல் ஷட்டர் விஷயத்தில் மக்கள் ஏமாந்தது இங்கேதான். 2016இல் கேனான் ஒரு குளோபல் ஷட்டர் சென்சாரை உருவாக்கியதாக அறிவித்தது. 2018இல் பானாசோனிக் சிலிக்கனுக்குப் பதிலாக ஒளியை உறிஞ்சும் கரிமப் படலத்தை வைத்து, 8கே காணொளிக்கான குளோபல் ஷட்டர் சென்சாரைக் காட்டியது. ஒவ்வொரு முறையும் 'அடுத்த கேமராவில் இது வரும்' என்றார்கள். வந்தது அடுத்த கேமரா, சென்சார் வரவில்லை. ஆய்வகத்தில் உயிரோடு இருக்கும் பொருள் ஆலையில் லட்சக்கணக்கில் பிறக்க முடியாமல் போவது இந்தத் துறையில் வழக்கம்.

தடை எங்கே இருந்தது என்றால், பிக்சலுக்குள் இடம் இல்லை. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் ஒளி வாங்குவதை நிறுத்த வேண்டும் என்றால், சேர்ந்த எலக்ட்ரான்களை எங்கேயாவது பத்திரமாக வைக்க வேண்டும், தன் முறை வந்து படிக்கப்படும் வரைக்கும். ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இரண்டு அறைகள் தேவை. ஒன்று ஒளி வாங்க, மற்றது இருட்டில் சேமிக்க. ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 2.4 கோடி பிக்சல் வைத்தால் ஒவ்வொன்றின் அகலம் சுமார் 6 மைக்ரோமீட்டர். அதற்குள் சேமிப்பறைக்கு இடம் விட்டால் ஒளி வாங்கும் அறை சுருங்கும். சேமிப்பறைக்குள் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் படம் கெடும். காத்திருக்கும் நேரத்தில் வெப்பத்தாலும் தேவையற்ற எலக்ட்ரான்கள் சேரும். தொழிற்சாலைகளில் குப்பிகளையும் சில்லுகளையும் சோதிக்கும் சிறிய கேமராக்களுக்கு இவை பெரிய பிரச்சினை இல்லை. அங்கே வெளிச்சத்தைக் கொட்டிக்கொள்ளலாம். சோனியே 2013 முதல் அந்தச் சந்தைக்கு பிரீஜியஸ் என்ற பெயரில் குளோபல் ஷட்டர் சென்சார்களை விற்றுவந்தது. சினிமாப் பக்கம் ரெட் நிறுவனத்தின் கொமோடோ கேமராவும் 2020இல் அதைக் கொண்டுவந்தது. கல்யாண மண்டபத்து மங்கலான ஒளியிலும் காட்டின் நிழலிலும் படமெடுக்க வேண்டிய பெரிய சென்சாருக்குத்தான் வழி கிடைக்காமல் இருந்தது.

வழி திறந்தது அடுக்குமுறையால். ஒளி வாங்கும் பிக்சல்கள் மேல்தளத்தில், அவற்றைப் படிக்கும் மின்சுற்றுகள் கீழ்த்தளத்தில் என்று இரண்டு சிலிக்கன் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது. 2017இல் சோனியின் முதல் ஆல்ஃபா 9 இந்த முறையில் பெரிய சென்சாரின் வாசிப்பை மிக வேகமாக்கியது. 2021இல் நிக்கான் இசட் 9, வாசிப்பை ஏறத்தாழ 4 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்து, இயந்திர ஷட்டரையே கழற்றி எறிந்தது. 4 மில்லிசெகண்டு என்பது பழைய உலோகத் திரைகளின் வேகம். அதாவது மின்னணு வாசிப்பு அப்போதுதான் நூறாண்டுத் திரையைச் சமன் செய்தது. ஆல்ஃபா 9 மார்க் 3 செய்தது அதற்கு அடுத்த படி. அங்கே வாசிப்பு வேகம் என்ற கேள்வியே எழாது. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் விழிக்கின்றன, ஒரே கணத்தில் மூடுகின்றன.

1/80000 நொடி எவ்வளவு சிறியது என்று மனத்தில் வாங்கிக்கொள்வது கடினம். ஒளியே அந்த நேரத்தில் 3.75 கி.மீ.தான் போகும். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து அரை மில்லிமீட்டர் நகரும். 1/2000 நொடியில் அதே பந்து 2 சென்டிமீட்டர் நகர்ந்து கலங்கலாகிவிடும்.

2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டொனால்ட் டிரம்ப்பைக் கொல்ல முயற்சி நடந்தபோது, நியூயார்க் டைம்ஸின் டக் மில்ஸ் எடுத்த படத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டிரம்ப்பின் தலைக்குப் பக்கத்தில் காற்றில் ஒரு மெல்லிய கோடு. ஷட்டர் வேகம் 1/8000 நொடி, கேமரா சோனி ஆல்ஃபா 1. அந்த வகைத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 970 மீட்டரளவில் பாயும். 1/8000 நொடியில் அது 12 சென்டிமீட்டர் போகும். கோடாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். மில்ஸின் கை சரியான கணத்தில் அழுத்தியிருந்தது, ஒளிப்பட வரலாற்றில் அந்தப் படத்துக்கு இடம் உண்டு. ஆனாலும் கேமராவின் கணக்குப்படி அதில் இருப்பது ஒரே கணம் அன்று. ஆல்ஃபா 1 முழுச் சட்டத்தையும் பதித்து முடிக்க ஏறத்தாழ 4 மில்லிசெகண்டு ஆகும், அதற்குள் குண்டு 4 மீட்டர் போய்விடும். படத்தின் உச்சி பதிந்தபோது குண்டு ஓரிடத்தில், அடி பதிந்தபோது முற்றிலும் வேறிடத்தில். அதே காட்சியைக் குளோபல் ஷட்டரில் 1/80000 நொடியில் எடுத்தால் குண்டின் தடம் 1.2 சென்டிமீட்டராகக் குறையும். கோடு மறைந்து ஒரு பொருளின் வடிவம் தெரியத் தொடங்கும். சாட்சியம் என்ற அளவில் இந்த வேறுபாடு சிறியதில்லை.

ஃபிளாஷின் பழைய எல்லையும் இந்தக் கேமராவில் இல்லை. எந்த ஷட்டர் வேகத்திலும் முழுச் சட்டத்துக்கும் ஒளி விழும். எட்ஜர்டன் இருட்டறையில் செய்ததைப் போன்ற ஒன்றை நடுப்பகலிலும் முயலலாம். அவருடைய மைக்ரோசெகண்டை இது எட்டிவிடவில்லை என்றாலும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பெரிய ஃபிளாஷ் விளக்குகள் முழுப் பலத்தில் மின்னி அணைய 1/80000 நொடியைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அவ்வளவு வேகத்தில் எடுத்தால் மின்னலின் ஒரு கீற்றுதான் படத்துக்குள் வரும்.

இதே கேமராவில் இன்னொரு வசதி என்னை வியக்க வைத்தது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், அது தன் நினைவில் கடைசி ஒரு நொடியைத் தொடர்ந்து தேக்கி வைத்துக்கொண்டே இருக்கும். மீன்கொத்தி பாய்ந்ததைக் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள் பறவை தண்ணீருக்குள் போயிருக்கும். கேமரா அந்தப் போன நொடியின் படங்களை எடுத்துக் கொடுத்துவிடும். நொடிக்கு 120 வீதம், ஒன்றுகூட வளையாமல், சத்தமே இல்லாமல். பறவைகளின் பக்கத்தில் உட்கார்ந்து 'கிளிக்' சத்தத்தால் அவற்றைக் கலைத்த யாருக்கும் அந்த மௌனத்தின் அருமை தெரியும். திரையே இல்லாததால் தேயவும் எதுவும் இல்லை. பழைய கேமரா வாங்கும்போது முதலில் 'ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?' என்று கேட்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இத்தகைய கேமராவில் பொருளே இல்லை.

ஆதாயம் மட்டும் சொல்லி இழப்பை மறைப்பது நியாயம் இல்லை. சேமிப்பறைக்குக் கொடுத்த இடம் ஒளியிடமிருந்து பிடுங்கியதுதான். ஆல்ஃபா 9 மார்க் 3இன் அடிப்படை ஐஎஸ்ஓ 250. நிக்கான் இசட் 9இல் அது 64. ஐஎஸ்ஓ 64இல் ஒரு பிக்சல் நிறைய எலக்ட்ரான்களைச் சேர்த்து வைக்கும். அதனால் வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும் மேகத்தையும் மரநிழலில் இருக்கும் பாறையையும் ஒரே படத்தில் காப்பாற்றும். 250இல் அந்தத் தாராளம் குறைகிறது. இயற்கைக் காட்சிகளை எடுப்பவருக்கு மலை எங்கும் ஓடப்போவதில்லை. அவருக்கு இந்தக் கேமரா நட்டம். தொடர்ச்சியாக எடுக்கும்போது 1/80000 கிடைக்காது, 1/16000தான் உச்சம். எல்இடி பலகைகள் முன்பு எடுத்தால் படத்தில் பட்டைகள் விழாது என்பது உண்மை. ஆனால் பலகை அணைந்திருக்கும் கணத்தில் ஷட்டர் திறந்தால் பலகை முழுதுமே இருண்டு வரும். நேரத்தை அவ்வளவு துல்லியமாக வெட்டினால், வெட்டிய துண்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

ஆல்ஃபா 9 மார்க் 3க்குப் பிறகு வந்த வதந்திகள் சுவாரசியமானவை. கேனானின் உச்சக் கேமரா ஆர் 1 குளோபல் ஷட்டரோடு வரும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். 2024 ஜூலையில் அறிமுகமானது, குளோபல் ஷட்டர் இல்லாமல், அடுக்குச் சென்சாரோடு. அதே ஆண்டு நவம்பரில் சோனியே தன் ஆல்ஃபா 1 மார்க் 2ஐ 5 கோடிப் பிக்சலோடும் ரோலிங் ஷட்டரோடும்தான் வெளியிட்டது. நிக்கான் 2024 ஜூனில் இசட் 6 மார்க் 3இல் பாதி அடுக்கு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. சென்சாரின் மேலும் கீழுமுள்ள ஓரங்களில் மட்டும் வேகமான மின்சுற்றுகளை அடுக்கி, விலையை அடக்கி, வாசிப்பை வேகமாக்கியது. இவற்றைப் பார்த்துக் குளோபல் ஷட்டர் தோற்றுவிட்டது என்று சிலர் முடிவு கட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிக்சலுக்குள் இடம் என்பது ஆலைகளின் திறமையைப் பொறுத்தது, அது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. சேமிப்பறையை இன்னொரு தளத்துக்கு இறக்க முடிந்த அன்று, ஒளிக்கும் நேரத்துக்கும் இடையிலான இந்தப் பேரம் முடிந்துவிடும். இன்று விலை உயர்ந்த கேமராவில் இருப்பது நாளை நம் கைபேசிக்குள் வரும், அதற்கு எத்தனை ஆண்டு ஆனாலும்.

அதுவரைக்கும் உங்கள் கைபேசி எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்பதை நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம். எந்த விளம்பரத்திலும் அந்த எண் இருக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் மலிவான எல்இடி விளக்கு பெரும்பாலும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த ஒரு விளக்கின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை, கேமராவின் புரோ பகுதியில் ஷட்டர் வேகத்தை 1/2000க்கு மேல் வைத்துப் படமெடுங்கள். சுவரில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழும். ஒரு வெளிச்சப் பட்டையும் அடுத்த இருட்டுப் பட்டையும் சேர்ந்தால் ஒரு ஜோடி. படத்தில் எத்தனை ஜோடி என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். இரண்டு ஜோடி என்றால் 20 மில்லிசெகண்டு, ஒன்றரை ஜோடி என்றால் 15. பட்டையே விழவில்லையென்றால் விளக்கு நல்ல விளக்கு; வேறொன்றை மாற்றிப் பாருங்கள். அடுத்த முறை புதிய கேமராவைப் பற்றி யாராவது உற்சாகமாகப் பேசினால், மெகாபிக்சலுக்கு முன்பு இந்த எண்ணைக் கேளுங்கள்.